உழைச்செல்வானின் ஏடு: ஐதராபாத் குளோரோபார்ம் ஆணையங்களும் அறுவை மருத்துவப் பதிவுக் கல்வியும்

முன்னுரை

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்புகள் கொண்டதாகக் காண்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றனோடு, அருகிருந்து துணைசெய்யும் உழைச்செல்வானையும் அது ஓர் உறுப்பாக எண்ணுகிறது. மருத்துவ வரலாறுகள் பெரும்பாலும் தீர்ப்பவரின் வரலாறாகவோ மருந்தின் வரலாறாகவோ அமைந்துள்ளன. உழைச்செல்வானின் வரலாறு விரிவாக எழுதப்படவில்லை. அவன் கையிலிருந்த ஏட்டின் வரலாறு அதனினும் குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது.

இன்று அறுவை மருத்துவப் பிரிவில் பயிற்சி பெறும் மருத்துவர் உதவியாளர் மாணவர் கத்தியைத் தொடுவதற்கு முன்னரே பேனாவைத் தொடுகிறார். நோயாளர் கூறும் வரலாற்றை எழுதுதல், அறுவைக்கு முந்தைய நிலையைக் குறித்தல், அறுவைக் குறிப்பை வரைதல், அறுவைக்குப் பிந்தைய நாள்தோறுமான மாற்றங்களைப் பதிதல் என்பன அவர்தம் முதற்பாடங்களாகும். இவ்வெழுத்துப் பணி ஒரு துணைவேலை என்றே பலராலும் கருதப்படுகிறது. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐதராபாத்தில் நிகழ்ந்த ஒரு வரலாறு இக்கருத்தை மறுக்கிறது. ஆங்கு நடைபெற்ற குளோரோபார்ம் ஆய்வுகளின் வழி, பயிலுநர் எதைக் குறிக்கிறார், எதைக் குறியாது விடுகிறார் என்பது உயிர் பற்றிய செய்தி என்பதை விளக்குவதும், அப்பதிவு எம்மொழியில் அமைகிறது என்னும் வினா தமிழியலுக்கும் உரியது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐதராபாத் மருத்துவப் பள்ளி

நான்காம் நிசாம் நசீர் உத் தௌலாவின் ஆட்சிக்காலத்தில், 1846ஆம் ஆண்டில், ஐதராபாத் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆங்கிலேயரின் ரெசிடென்சி மருத்துவராக இருந்த வில்லியம் காம்பெல் மக்ளீன் இதன் தொடக்கத்திற்குக் காரணமானவர். மேலை மருத்துவத்தைக் கற்பித்த இப்பள்ளி தொடக்கத்தில் உருது மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டிருந்தது. தேர்ச்சி பெற்றோர்க்கு ஹக்கீம் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. மரபுவழி யூனானி மருத்துவர்க்குரிய பெயரே மேலை மருத்துவம் கற்றவர்க்கும் வழங்கப்பட்டமை, புதிய கல்வி பழைய மதிப்பைத் துணைக்கொண்டு ஊன்றப்பட்டதைக் காட்டுகிறது.

ஐந்தாம் நிசாம் அப்சல் உத் தௌலாவின் காலத்தில் மூசி ஆற்றங்கரையில் அப்சல்கஞ்சு மருத்துவமனை அமைந்தது. மருத்துவப் பள்ளி மாணவரின் நடைமுறைப் பயிற்சிக்கு இதுவே களமாயிற்று. 1885ஆம் ஆண்டில் எட்வர்டு லாரி என்னும் இந்திய மருத்துவப் பணி அலுவலர் ஐதராபாத்தின் ரெசிடென்சி மருத்துவராக வந்தார். மருத்துவப் பள்ளியின் தலைமையும் அவரிடம் சேர்ந்தது. எடின்பரோவில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமின் வழியில் பயின்றவர் லாரி. அப்பயிற்சி அவருக்கு ஓர் உறுதியான கொள்கையைத் தந்திருந்தது. குளோரோபார்ம் கொடுக்கும்போது மூச்சினை மட்டுமே கவனிக்க வேண்டும், நாடியைக் கவனித்தல் தேவையற்றது என்பதே அக்கொள்கையாகும்.

குளோரோபார்ம் மரணங்களும் பதிவின் தேவையும்

இக்கொள்கையின் பின்புலத்தை அறிய நாற்பதாண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் கொண்டு வலியின்றி அறுவை செய்ய இயலும் என்பது பொதுவெளியில் மெய்ப்பிக்கப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில் எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோபார்மை அறிமுகப்படுத்தினார். இது விரைவில் மயக்கம் தந்தது. எடுத்துச் செல்வதற்கும் எளிதாயிருந்தது. ஆனால் 1848 சனவரியிலேயே இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் இளம்பெண் கால்விரல் நகத்தை அகற்றும் சிறு அறுவைக்காகக் குளோரோபார்ம் பெற்றபோது இறந்தார். நலமாயிருந்த ஒருவர் சிறு அறுவைக்காக மயக்கம் பெற்று உயிரிழந்தமை பேரதிர்ச்சியை விளைத்தது. இத்தகைய மரணங்கள் தொடர்ந்தன.

மரணம் எவ்வாறு நேர்ந்தது? மூச்சு முதலில் நின்றதா, இதயம் முதலில் நின்றதா? இவ்வினாவுக்கு விடை காணப் பதிவுகள் தேவைப்பட்டன. இலண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்நோ தாம் மயக்கம் கொடுத்த நோயாளர்களைப் பற்றித் தொடர்ச்சியாகக் குறிப்பேடு எழுதி வந்தார். அவர் மறைந்த 1858ஆம் ஆண்டிலேயே வெளிவந்த அவரது நூல் ஐம்பது குளோரோபார்ம் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. அடர்ந்த குளோரோபார்ம் ஆவி இதயத்தை நேரே தாக்கக்கூடும் என்பது அவர் முடிவு. எடின்பரோ மரபினரோ இதனை ஏற்கவில்லை. முறையாகக் கொடுத்தால் இதயத்திற்குத் தீங்கில்லை என்றும், மூச்சு தடைப்படுதலே ஊறு என்றும் அவர்கள் கருதினர். பிரித்தானிய மருத்துவச் சங்கம் அமைத்த கிளாஸ்கோ குழு விலங்காய்வுகளின்வழி இதயத் தாக்கத்தை வலியுறுத்திய பின்னரும் கருத்து வேறுபாடு நீங்கவில்லை.

இம்மாறுபாடு கோட்பாட்டளவில் நின்றதன்று. மயக்கம் கொடுக்கும் பணி அக்காலத்தில் பெரும்பாலும் மாணவரிடமோ இளநிலை உதவியாளரிடமோ ஒப்படைக்கப்பட்டது. அறுவை செய்பவரின் கண் புண்ணில் இருந்தது. நோயாளரின் முகத்தருகே இருந்தவர் பயிலுநரே. ஆகவே எதைப் பார்க்க வேண்டும் என்னும் வினா, பயிலுநருக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்னும் வினாவாகவும் ஆயிற்று.

இரண்டு ஆணையங்கள்

லாரி தம் கொள்கையை ஆய்வால் நிறுவ விழைந்தார். 1888ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் முதல் குளோரோபார்ம் ஆணையம் நாய்களைக் கொண்டு ஆய்வு செய்தது. எந்நிலையிலும் மூச்சு முதலில் நின்று, அதன் பின்னரே இதயம் நின்றது என அது முடிவு கூறியது. இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் மருத்துவ இதழ் இம்முடிவை ஐயத்துடன் நோக்கியது. அவ்வையத்தைப் போக்க லாரி ஒரு வழி கண்டார். இதழின் சார்பில் ஒருவர் நேரில் வந்து ஆய்வில் கலந்துகொள்ள வேண்டுமென அவர் கோரினார். அதற்கென ஆறாம் நிசாம் மீர் மகபூப் அலி கானின் அரசு 1000 பவுன் வழங்கியது.

புகழ்பெற்ற மருந்தியல் அறிஞர் தாமஸ் லாடர் பிரண்டன் 1889 அக்டோபரில் ஐதராபாத் வந்தார். லாரியைத் தலைவராகக் கொண்ட இரண்டாம் ஆணையத்தில் பிரண்டனோடு ஜெரால்டு பாம்ஃபோர்டும் ரஸ்தம்ஜி ஹக்கீமும் உறுப்பினராயினர். அவ்வாண்டு இறுதிக்குள் இருமாதக் காலம் ஆய்வுகள் நடைபெற்றன. நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் எனப் பல்வகை உயிர்கள் இதில் பலியாயின. ஆய்வு முடியும் முன்பே பிரண்டன் லான்செட்டுக்கு அனுப்பிய தந்தி, அதுவரை 490 விலங்குகள் பயன்படுத்தப்பட்டதையும், அவற்றுள் 120இல் அழுத்தமானி கொண்டு அளவு பதியப்பட்டதையும், எல்லாப் பதிவுகளும் ஒளிப்படம் எடுக்கப்பட்டதையும் தெரிவித்தது. ஊறு மூச்சுத் திணறலாலோ மிகை அளவாலோ வருவதேயன்றி இதயத்தின் மீதான நேர்த் தாக்கத்தால் வருவதன்று என்பதும் அதில் கூறப்பட்டது.

இவ்வாய்வின் கருவி கைமோகிராஃப் எனப்படும் வரைபதிவி ஆகும். புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளை ஒரே சீராகச் சுழல, குருதியழுத்தத்தின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப ஒரு முள் அதன்மீது கோடு வரையும். மனிதர் ஒருவர் தாம் கண்டதை நினைவிலிருந்து எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எழுதுபவரின் விருப்பு வெறுப்பு முள்ளின் கோட்டில் ஏறுவதில்லை. அக்கோடுகளுக்குப் பொருள் கூறும்போதுதான் விருப்பு வெறுப்பு நுழைகிறது. இவ்வேறுபாடே பின்னர் ஐதராபாத் ஆய்வின் தலைவிதியைத் தீர்மானித்தது.

ஆணையத்தின் அறிக்கை 1890இல் லான்செட்டில் வெளிவந்தது. 1891இல் வரைபதிவுகளோடு பம்பாயில் நூலாகவும் அச்சிடப்பட்டது.

மாணவர் கையில் ஒரு விதி

ஆணையத்தின் முடிவு ஆய்வகத்தோடு நிற்கவில்லை. அது நடைமுறை விதியாக மாறியது. நோயாளரைக் கிடத்துதல், மார்பும் வயிறும் தடையின்றி அசையுமாறு ஆடையைத் தளர்த்துதல், மூச்சு சீராக நிகழ்வதை இடைவிடாது கவனித்தல், மூச்சு தடைப்பட்டால் உடனே மருந்தை நிறுத்துதல் ஆகியன அவ்விதியின் கூறுகள். மயக்கம் கொடுப்பவர் நாடியால் வழிநடத்தப்படலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. லாரி 1901இல் மாணவர்க்கும் மருத்துவர்க்குமான கையேடாகவே குளோரோபார்ம் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார்.

இவ்விதி மாணவரை நோக்கியது என்பது குறிப்பிடத்தக்கது. எளிய விதி, ஒரே ஒரு குறி, அதன்மீது முழுக் கவனம் என்பதால் பயிலுநரும் துணிந்து பணியாற்ற முடிந்தது. ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் முதல் பெண் மாணவியருள் ஒருவரான ரூபா பாய் ஃபர்தூன்ஜி இத்தகைய பயிற்சியில் உருவானவர். 1889இல் ஹக்கீம் தேர்ச்சி பெற்ற அவர் ஐதராபாத்தின் மருத்துவமனைகளில் குளோரோபார்ம் கொடுக்கும் பணியை மேற்கொண்டார். பின்னர் எடின்பரோ சென்று மேற்பயிற்சியும் பெற்றார். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர்களுள் ஒருவராக அவர் இன்று மதிக்கப்படுகிறார். பெண்கள் மருத்துவம் கற்பதே அரிதாயிருந்த காலத்தில் அறுவை அரங்கில் நோயாளரின் உயிரைக் காக்கும் பொறுப்பு ஒரு பெண்ணின் கையில் இருந்தமை ஐதராபாத் பள்ளியின் சிறப்பாகும்.

மூச்சைக் கவனித்தல் நல்ல பாடமே. மூச்சு தடைப்பட்டு நேரும் இறப்புகளைத் தவிர்க்க அது உறுதியாக உதவும். ஆயினும் இவ்விதியில் ஒரு முரண் இருந்தது. ஆய்வகத்தில் விலங்கின் குருதியழுத்தம் நொடிதோறும் பதியப்பட்டது. படுக்கையருகிலோ நாடியைப் புறக்கணிக்குமாறு மாணவருக்குக் கற்பிக்கப்பட்டது. பார்க்கத் தேவையில்லை என்று கற்றவர் அதைக் குறிக்கவும் மாட்டார். குறிக்கப்படாத ஒன்று பின்னர் எவரும் ஆராய்வதற்குக் கிட்டாது. மனிதரிடத்தில் இதயம் முதலில் நின்றிருந்தால், அதைக் காட்டக்கூடிய ஒரே சான்று விதியாலேயே விலக்கப்பட்டுவிட்டது. கொள்கை தனக்கெதிரான சான்று உருவாகாதவாறு தன்னைக் காத்துக்கொண்டது எனலாம்.

பாஸ்டன் மாணவர் இருவர்

இதே காலத்தில் வேறொரு நாட்டில் மாணவர் கையில் மாற்றுவழி ஒன்று பிறந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி மாணவராக இருந்த ஹார்வி குஷிங், 1893இல் பாஸ்டன் மருத்துவமனையில் ஒரு நோயாளருக்கு ஈதர் கொடுக்கப் பணிக்கப்பட்டார். போதிய பயிற்சியின்றி அப்பணியை மேற்கொண்ட அவர் கண்முன்னே அந்நோயாளர் இறந்தார். அந்நிகழ்ச்சி அவரைப் பெரிதும் வருத்தியது. மருத்துவக் கல்வியையே கைவிடலாமா என அவர் எண்ணியதாகவும் அறிகிறோம்.

குஷிங் மருத்துவத்தைக் கைவிடவில்லை. உடன்பயின்ற எர்னஸ்ட் கோட்மனோடு சேர்ந்து அவர் வேறொரு வழியை நாடினார். அறுவை மருத்துவர் ஹாரிங்டன் தூண்டுதலால் 1894 முதல் இருவரும் ஈதர் கொடுக்கும்போது நோயாளரின் நாடியையும் மூச்சையும் குறித்த கால இடைவெளியில் ஒரு கட்டத்தாளில் புள்ளியிட்டு வரைந்தனர். 1901இல் இத்தாலியின் பாவியா நகரில் ரீவா ரோச்சியின் குருதியழுத்தக் கருவியைக் கண்ட குஷிங் அதையும் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். மயக்கப் பதிவுத் தாளில் குருதியழுத்தமும் இடம்பெறலாயிற்று. இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளில் பயன்படும் மயக்கப் பதிவுத் தாளின் முன்னோடி இதுவே.

ஐதராபாத்தையும் பாஸ்டனையும் ஒப்பிட்டால் ஒன்று புலனாகும். ஐதராபாத்தில் ஒப்பற்ற அளவில் ஆய்வு நிகழ்ந்தது. அரசின் பொருளுதவியும் உலகப் புகழ்பெற்ற அறிஞரின் துணையும் இருந்தன. பாஸ்டனில் இருந்தவை இரு மாணவரின் மனக்கவலையும் ஒரு தாளும் மட்டுமே. ஆயின் முன்னதில் மாணவர் ஒரு முடிவைப் பின்பற்றுபவராக இருந்தார். பின்னதில் மாணவர் இன்னும் முடிவாகாததைக் குறித்துவைப்பவராக இருந்தார்.

பதிவே திருத்திய பிழை

ஐதராபாத் ஆணையத்தை வெறும் தவறாக மதிப்பிடுதல் முறையாகாது. அதன் பெருமை அது அடைந்த முடிவில் இல்லை. அது விட்டுச்சென்ற பதிவில் உள்ளது. கேம்பிரிட்ஜின் காஸ்கல், ஷோர் ஆகிய இருவரும் 1893இல் வெளியிட்ட அறிக்கை, குளோரோபார்மின் உடலியல் விளைவோடு இரண்டாம் ஐதராபாத் ஆணையத்தின் மீதான திறனாய்வையும் தலைப்பிலேயே கொண்டிருந்தது. ஒரு விலங்கின் மூளைக்கு மட்டும் குளோரோபார்ம் கலந்த குருதி செல்லுமாறு குருதியோட்டங்களை மாற்றி இணைத்து, அழுத்தம் குறைவதற்கு இதயத்தின் மீதான நேர்த் தாக்கமே காரணம் என அவர்கள் வாதிட்டனர். அதே 1893இல் லான்செட் இதழும் மனிதரிடத்து நிகழ்ந்த மயக்க மரணங்களைப் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டது. டட்லி பக்ஸ்டன் தொகுத்தாராய்ந்த அவ்விவரங்கள் ஐதராபாத்தின் முடிவுக்குத் துணைநிற்கவில்லை.

இறுதி விடை 1911இல் கிடைத்தது. குளோரோபார்ம் மிகுந்த ஆழ்மயக்கத்தில் அன்றி, மென்மயக்கத்திலேயே இதயக் கீழறைகள் ஒழுங்கற்றுத் துடித்து உயிர் திடீரெனப் பிரியக்கூடும் என்பதை குட்மன் லெவி பூனைகளில் மெய்ப்பித்தார். ஐதராபாத் ஆணையம் பெரிதும் மிகை மருந்தளவின் விளைவையே நோக்கியிருந்தது. ஆபத்து அது தேடாத இடத்தில் இருந்தது.

இங்கு ஒரு செய்தி எண்ணத்தக்கது. லாரியின் முடிவை மறுத்தவர்களுக்கு அவருடைய ஆய்வைத் திறனாய முடிந்தது, அது ஆண்டு, முறை, வரைபதிவு ஆகியவற்றோடு அச்சில் இருந்தமையால்தான். 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆற்றில் பெருகிய வெள்ளம் அப்சல்கஞ்சு மருத்துவமனையை அழித்தது. வளாகத்திலிருந்த புளியமரத்தில் ஏறிப் பலர் உயிர் தப்பினர். அவ்விடத்தில் பின்னர் ஏழாம் நிசாம் மீர் உசுமான் அலி கான் காலத்தில் உசுமானியா பொது மருத்துவமனை எழுந்தது. ஆய்வுக்காலத்து மருத்துவமனை மறைந்தது. அச்சேறிய ஐதராபாத் பதிவுகள் நின்றன. தவறான முடிவையும் திருத்த உதவுவது நேர்மையான பதிவு. சரியான முடிவையும் பயனற்றதாக்குவது பதிவின்மை.

பதிவின் மொழி

ஐதராபாத் மருத்துவப் பள்ளி உருதுவில் தொடங்கியது முன்னரே சுட்டப்பட்டது. 1880களில் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. பின்னர் 1918இல் நிறுவப்பட்ட உசுமானியாப் பல்கலைக்கழகம் மீண்டும் உருதுவில் உயர்கல்வி வழங்க முற்பட்டது. அதற்கென மொழிபெயர்ப்புத் துறையொன்று முந்தைய ஆண்டே அமைக்கப்பட்டது. 1948இல் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின் அப்பயிற்றுமொழி முயற்சியும் முடிவுற்றது.

தமிழிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், ஐதராபாத் பள்ளி தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே மேலை மருத்துவம் கற்பிக்கலானார். 1860களில் அவர் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். மாணவர்களின் துணையோடு ஆங்கில மருத்துவ நூல்கள் தமிழாக்கப்பட்டன. அறுவை மருத்துவப் பாடநூலான இரண வைத்தியம் 1867இல் வெளிவந்தது. உடற்கூற்று நூலான மனுஷ அங்காதிபாதம் 1872இல் வெளிவந்தது. கலைச்சொல்லாக்கத்தில் வடசொற்களையும் வழக்குச் சொற்களையும் தயங்காது கையாண்ட இந்நூல்கள், தமிழில் அறுவை மருத்துவம் பயில இயலும் என்பதை நடைமுறையில் காட்டின. 1873இல் கிறீன் தாயகம் திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவ்வடிவில் நீடிக்கவில்லை.

இவ்விரு வரலாறுகளும் பயிற்றுமொழி பற்றியவையாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளன. பதிவு மொழி என்னும் கோணத்தில் நோக்கினால் மற்றொரு செய்தி தெளிவாகும். நோயாளரின் கூற்று எப்போதும் அவர்தம் மொழியிலேயே பிறக்கிறது. பதிவு ஆங்கிலத்தில் அமையும்போது, ஒவ்வொரு நோயாளர் வரலாறும் ஒரு மொழிபெயர்ப்பாகிறது. அம்மொழிபெயர்ப்பைச் செய்பவர் பெரும்பாலும் அப்பிரிவின் மிக இளைய பயிலுநரே.

தமிழில் வலியைக் குறிக்கும் சொற்கள் பல. குத்தல், குடைச்சல், எரிச்சல், உளைச்சல், கடுப்பு, சுருட்டிப் பிடித்தல், விண்விண்ணெனத் தெறித்தல், சுருக்கெனத் தைத்தல் என அவை விரியும். இவை வெறும் அழகுச் சொற்கள் அல்ல. விண்விண்ணெனத் தெறிக்கிறது என்று ஒருவர் கூறும்போது அங்குச் சீழ் கட்டியிருக்கக்கூடும் என்னும் குறிப்பு உண்டு. வயிற்றைச் சுருட்டிப் பிடித்து விட்டுவிட்டு வருகிறது என்பது குடல் அடைப்பையோ கல்லையோ நினைக்கச் செய்யும். நெஞ்சுக்குழியில் எரிச்சல் என்பது இரைப்பைப் புண்ணை நினைவூட்டும். எனினும் இதய நோயும் அவ்வாறே வெளிப்படலாம் என்பதால் அச்சொல் அப்படியே பதியப்படுதல் இன்றியமையாதது. இவையனைத்தும் வலி என்னும் ஒரே சொல்லின் ஆங்கில நிகராகக் கேஸ் ஷீட்டில் சுருங்கும்போது, மருத்துவர் தாம் நேரில் கேளாத குறிப்பை இழக்கிறார். ஐதராபாத்தில் நாடி பதிவிலிருந்து விலக்கப்பட்டதற்கும் இதற்கும் அளவில் வேறுபாடு உண்டேயன்றித் தன்மையில் வேறுபாடில்லை.

இன்றைய பயிற்சி

மருத்துவர் உதவியாளர் என்னும் தனிப்பணி 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் தொடங்கிய படிப்பால் உருவானது. இந்தியாவில் இதன் தொடக்கம் தமிழ்நாட்டைச் சார்ந்தது. 1992இல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் இப்படிப்பைத் தொடங்கினார். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை, நலவாழ்வுப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இப்பணியையும் தன் பட்டியலில் ஏற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஹக்கீம்களும் இன்றைய மருத்துவர் உதவியாளரும் ஒரே தகுதியினர் அல்லர். ஆயினும் அறுவை செய்பவருக்கும் நோயாளருக்கும் இடையே நின்று பார்த்ததை எழுதும் நிலை இருவர்க்கும் பொதுவானது.

இவ்வெழுத்துக்கு இன்று வகுக்கப்பட்ட முறைகள் உண்டு. 1968இல் லாரன்ஸ் வீட், மருத்துவப் பதிவு வழிகாட்டவும் கற்பிக்கவும் வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்து, நோயாளரின் இடர்களை வரிசைப்படுத்தி எழுதும் முறையை விளக்கினார். நோயாளர் கூறுவது, பரிசோதனையில் கண்டது, அதிலிருந்து உய்த்துணர்ந்தது, இனிச் செய்யவேண்டியது என நான்காகப் பகுத்தெழுதும் வழக்கம் அதிலிருந்து பரவியது. இப்பகுப்பின் உட்பொருள் ஆழமானது. கேட்டதையும் கண்டதையும் கருதியதையும் ஒன்றோடொன்று கலவாமல் எழுதப் பயிலுநர் இதனால் கற்கிறார். லாரியின் விதியில் கருத்து காட்சியை முந்தியது. வீடின் முறையில் காட்சி தனக்குரிய இடத்தைப் பெற்ற பின்னரே கருத்து வருகிறது.

அறுவைக் குறிப்பும் அவ்வாறே. அறுவைக்கு முன் கருதிய நோய், திறந்தபின் கண்ட நோய், செய்த செயல், குருதியிழப்பு, எடுத்த திசு, வைத்த வடிகுழாய், எண்ணிச் சரிபார்த்த பஞ்சும் கருவியும் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. முன் கருதியதும் பின் கண்டதும் வேறுபடும் இடத்தில் அவ்வேறுபாட்டை மறையாமல் எழுதுவதே நல்ல குறிப்பின் அடையாளம்.

பதிவு உயிர்காக்கும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. 2009இல் வெளியான அவ்வாய்வின்படி, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. நோயாளரின் உரிமையும் இதில் அடங்கும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், உள்நோயாளர் பதிவுகளை மூன்றாண்டுகள் காக்கவும், நோயாளர் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்கவும் பணித்தன. ஆகவே எழுதப்படும் ஏடு மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. எவரைப் பற்றியதோ அவர்க்கும் உரியது.

முடிவுரை

ஐதராபாத் குளோரோபார்ம் ஆணையங்களின் வரலாறு இருவேறு பாடங்களைத் தருகிறது. எதைப் பார்க்கத் தேவையில்லை என்று பயிலுநருக்குக் கற்பிக்கப்படுகிறதோ, அது பதிவிலிருந்து மறைந்து, பிழையை மறைக்கும் திரையாகிறது. நேர்மையாகப் பதியப்பட்டு அச்சேறிய ஆய்வோ, அதைச் செய்தவர் முடிவு தவறிய பின்னும் மற்றவர்க்குச் சான்றாக நின்று பிழையைத் திருத்துகிறது. அறுவை மருத்துவப் பயிற்சியில் எழுதக் கற்றல் இவ்விரண்டனையும் உள்ளடக்கிய கல்வியாகும்.

தமிழ்த் துறைகளுக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. நோயையும் வலியையும் உணர்த்தும் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து, அவை சுட்டும் பொருள் வேறுபாடுகளை மருத்துவர்களோடு இணைந்து வரையறுத்தால், நோயாளர் கூற்றைப் பதியும் மாணவருக்கு அது சிறந்த துணையாகும். கிறீனும் அவர் மாணவர்களும் நூற்சொல்லுக்குச் செய்ததைப் படுக்கையருகே பிறக்கும் பேச்சுச் சொல்லுக்குச் செய்தல் இன்றைய தேவை. உழைச்செல்வானை மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணிய மொழி, அவன் எழுதும் ஏட்டையும் தன் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் தகும்.